பழைய பஜேரோவும் வீட்டுப் பராமரிப்பும்

"யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?" என்று நம் ஊர்களில் கேட்பதுண்டு. விலை கொடுத்து வாங்குவது ஒன்று; வாங்கியதை வைத்துக் காப்பது வேறொன்று. இவ்வுண்மையை நம் முன்னோர் அந்த ஒரு கேள்வியில் அடக்கிவிட்டனர். இன்று அந்த யானைக்கு நான்கு சக்கரங்கள் முளைத்திருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் செல்வந்தர் இல்ல வாயிலில் மட்டுமே நின்ற ஆடம்பர ஜீப்பு வகை வண்டிகள், கைமாறிக் கைமாறி இன்று நடுத்தரக் குடும்பங்களின் முற்றத்திற்கு வந்து சேர்ந்துள்ளன. புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறதே, பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஏழு பேர் அமரலாமே என்று மகிழ்ந்து வாங்குவோர் பலர். ஆறு திங்கள் கழியுமுன் அவர்களுள் சிலர் நகை அடகு வைத்துப் பட்டறைக்குப் பணம் கட்டும் நிலைக்கு வந்துவிடுகின்றனர்.

காரணம் எளியது. வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது. ஆனால் அதன் பாகங்களின் விலை இறங்குவதில்லை. இருபது ஆண்டுப் பழைய வண்டிக்கும் அதன் பழைய தகுதிக்கேற்ற பாகங்களே வேண்டும். எனினும் இத்தகைய வண்டிகளைச் சிறிய வருவாயில் நல்ல நிலையில் வைத்திருக்கும் குடும்பங்களையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் பெரிய பழுதுகளைத் தாமே பார்ப்பவர்கள் அல்லர். பெரிய பழுது வராதபடி சிறிய காரியங்களைத் தம் கையாலேயே காலந்தவறாமல் செய்பவர்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக மிட்சுபிஷி பஜேரோ வண்டியைக் கொள்வோம். அது நம் மண்ணோடு தொடர்புடையது. 1982-இல் சப்பானில் பிறந்த இவ்வண்டி, பாலைவனப் பந்தயமான டாக்கர் பந்தயத்தில் 12 முறை வென்று புகழ்பெற்றது. அவற்றுள் 2001 முதல் 2007 வரை பெற்ற 7 வெற்றிகள் தொடர்ச்சியானவை. 1991-இல் வெளிவந்த அதன் இரண்டாம் தலைமுறை வண்டியே, எஸ்.எப்.எக்ஸ். என்னும் பெயரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தால் திருவள்ளூர்த் தொழிற்சாலையில் பூட்டப்பட்டு 2002 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நம் நாட்டில் விற்கப்பட்டது. அம்பாசிடரைச் செய்த அதே நிறுவனந்தான். ஆனால் அம்பாசிடரை எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் சுத்தியலும் ஸ்பேனருமாகச் சரிசெய்துவிடலாம். பஜேரோ அப்படி வளைந்து கொடுப்பதன்று. தன் இலக்கணம் தெரிந்தவர்க்கே அது பணியும்.

அதன் இயந்திரம் 4 உருளைகளும் 2835 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய டர்போ டீசல் இயந்திரம். 4எம்40 என்பது அதன் பெயர். பல டீசல் வண்டிகளில் குறிப்பிட்ட தூரத்திற்கு ஒருமுறை மாற்றியே தீரவேண்டிய டைமிங் பெல்ட்டு இதில் இல்லை. அவ்விடத்தில் சங்கிலி உள்ளது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றி வந்தால் நெடுங்காலம் உழைக்கக்கூடிய இயந்திரம். ஆனால் அதற்கு ஒரு பகை உண்டு.

வெப்பமே முதற் பகை

இந்த இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் தலைப்பகுதியாகிய சிலிண்டர் ஹெட்டு வெடிப்புக் காணும். இது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அனைவரும் அறிந்த குறை. ஹெட்டு வெடித்துவிட்டால் ஆகும் செலவு, சிலவேளை வண்டியின் விலையில் கணிசமான பங்கையே விழுங்கிவிடும். இவ்வளவு பெரிய இழப்புக்குத் தொடக்கம் எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு வாளித் தண்ணீரில் போய் நிற்கிறது.

நம் ஊர்களில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் வழக்கம் இருக்கிறது. சோறு வடிக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்பை இல்லத்தரசிகள் அறிவர். அதே உப்பு ரேடியேட்டரின் நுண்ணிய குழல்களிலும் படிகிறது. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவலாம். அந்தக் குழல்களை யார் தேய்ப்பது? நாளடைவில் பாதிக் குழல்கள் அடைபட, சமவெளியில் ஒழுங்காக ஓடும் வண்டி மலைப்பாதையில் ஏறும்போது கொதிக்கத் தொடங்குகிறது. ஆதலின் கூலண்டு என்னும் குளிர்விப்புத் திரவத்தோடு காய்ச்சி வடித்த நீரைச் சரிபாதி கலந்தே ஊற்றுதல் வேண்டும். கூலண்டு நீரின் கொதிநிலையை உயர்த்துவதோடு, உட்புறம் துருப்பிடிக்காமலும் காக்கிறது. அதன் காக்கும் ஆற்றல் காலப்போக்கில் குன்றுவதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் முழுவதும் வடித்து மாற்றுவது நல்லது. இது வீட்டிலேயே ஒரு முற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை. வடித்த கூலண்டைத் தரையில் விடலாகாது. அது இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாயும் கோழியும் குடித்து மாளும். குழந்தைகள் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டியதில்லை.

காலையில் வண்டியைக் கிளப்புமுன், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, செய்யத்தக்க சில சோதனைகள் உண்டு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்க்கலாம். சூடாக இருக்கையில் அம்மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிடும். எங்கும் ஒழுக்கு இல்லாதிருந்தும் நீர் நாள்தோறும் குறைந்தால், இயந்திரம் ஓடுகையில் ரேடியேட்டரில் குமிழிகள் இடைவிடாது எழுந்தால், இரவெல்லாம் ஆறிய பின்னும் மேற்குழாய் விறைப்பாகவே இருந்தால் ஹெட்டிலோ கேஸ்கெட்டிலோ கோளாறு தொடங்கிவிட்டது என்று ஐயுற வேண்டும். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டாமல் தேர்ந்தவரிடம் காட்டினால் ஒருவேளை கேஸ்கெட்டோடு போகும். "இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்று விட்டால் ஹெட்டு முழுவதும் போகும். பழைய பஜேரோவை விலை பேசும்போதும் இச்சோதனைகளையே முதலிற் செய்க. தோல் இருக்கைகளும் சாய்வுமானியும் அழகாக இருக்கின்றனவா என்று பார்ப்பதெல்லாம் பிறகு.

ரேடியேட்டருக்குப் பின்னே சுழலும் காற்றாடியும் கவனத்திற்கு உரியது. அதன் நடுவே பிசின் போன்ற சிலிக்கோன் திரவம் நிரம்பிய ஒரு கிளச்சு இருக்கிறது. வெப்பம் மிகும்போது அது இறுகிக் காற்றாடியை வேகமாகச் சுழற்றும். இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டுக் கையால் காற்றாடியைச் சுற்றிப் பார்த்தால், இலேசான தடையோடு சுழன்று நிற்க வேண்டும். தடையே இன்றி விளையாட்டுக் காற்றாடிபோல் சுற்றினால் கிளச்சு செயலிழந்தது என்று கொள்ளலாம். நெரிசலில் ஏ.சி.யோடு நிற்கும் வேளையிலும், மலையேறும் வேளையிலும் வெப்பமானி முள் உயர்வதற்கு இதுவே பலவேளை காரணம். ரேடியேட்டர் மூடியின் வில்லும் நாளடைவில் தளரும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் அம்மூடியை மாற்றாமல், இயந்திரத்தையே பிரித்துப் பார்த்தவர்களும் உளர்.

எண்ணெய்களும் டீசலும்

இயந்திர எண்ணெயைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. நம் வெயிலுக்கும் புழுதிக்கும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயையும் பில்ட்டரையும் சேர்த்து மாற்றும் பழக்கம் நன்று. டர்போ என்னும் காற்றழுத்தியின் தண்டு எண்ணெயில் மிதந்தே சுழல்கிறது. எனவே நெடும்பயணம் முடிந்ததும் உடனே சாவியைத் திருப்பி நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டு நிறுத்துதல் வேண்டும். அடியிலுள்ள வடிகால் திருகுக்குப் புதிய வாஷர் போடுவதும், அத்திருகை வெறிகொண்டு இறுக்காமல் அளவோடு இறுக்குவதும் சிறு காரியங்கள்; ஆனால் திருகின் புரி அழிந்துவிட்டால் எண்ணெய்த் தொட்டியையே கழற்ற நேரும்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன்னும் பின்னும் உள்ள இரு டிபரன்ஷியல்கள் ஆகிய நான்கிலும் எண்ணெய் உண்டு என்பதைப் பலர் மறந்தே போகின்றனர். இவற்றை மாற்றுவோர்க்கு ஒரு சொல்: எண்ணெயை வடிக்கும் கீழ்த்திருகைத் தொடுமுன், எண்ணெய் ஊற்றும் மேல்திருகு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளாகத் திறக்கப்படாத மேல்திருகு துருவேறி அசைய மறுக்கலாம். கீழே முழுவதும் வடித்துவிட்டு, மேலே ஊற்ற வழியின்றி, ஞாயிற்றுக்கிழமையில் வண்டியை இழுவை லாரியில் ஏற்றியவர் கதை சிரிப்புக்கு உரியதுதான். வாடகை கொடுத்தவர்க்கு அன்று.

டீசல் பில்ட்டரின் அடியில் நீர் தங்கும் கிண்ணம் இருக்கிறது. டீசலோடு கலந்து வரும் நீர் கனம் மிகுதியால் அங்கே தங்கும். கீழுள்ள சிறு திருகைத் தளர்த்தி அந்நீரைத் திங்களுக்கொரு முறை வடித்துவிடுவது ஐந்து நிமிட வேலை. நீர் பம்புக்குள் சென்றால் பம்பும் இஞ்செக்டர்களும் அரிக்கும். அவற்றைப் பழுதுபார்க்கும் செலவு கையைக் கடிக்கும். பில்ட்டரை மாற்றிய பின் காற்று புகுந்து வண்டி கிளம்ப மறுத்தால் அஞ்ச வேண்டாம். பில்ட்டரின் தலையிலுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்கி டீசலை ஏற்றினால் போதும். ஆயினும் பம்பையும் இஞ்செக்டர்களையும் வீட்டில் பிரிக்க முற்படுதல் கூடாது. இஞ்செக்டர் நுனியிலிருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும் வன்மை உடையது. அக்காயம் வெளியே ஒரு புள்ளியாகத் தோன்றும், உள்ளே விரலையே அழுகச் செய்யும். அவ்வேலைக்கு அளவுக் கருவிகள் உள்ள டீசல் பம்புப் பட்டறைகள் உள்ளன.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டுவோர் பக்கத்து வீட்டுக் கிணற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். டப்பாவில் அடைத்துப் பட்டறையில் கொடுத்தால், மறுசுத்திகரிப்புக்குச் சேகரிப்போர் அதனை எடுத்துச் செல்வர்.

ஒரு முழம் ரப்பர் குழாய்

நாம் அறிந்த ஒருவர், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மகன் அயல்நாட்டு வேலைக்குச் செல்கையில் தன் பழைய பஜேரோவைத் தந்தையிடம் விட்டுச் சென்றார். ஒரு நாள் ஓட்டுநர் முன்னுள்ள பலகையில், வண்டியின் நான்கு சக்கரங்களையும் காட்டும் சிறு விளக்குப் படத்தில், முன்சக்கர விளக்குகள் இமைக்கத் தொடங்கின, நிற்கவே இல்லை. ஒரு பட்டறையில் காட்டியதற்கு, "டிரான்ஸ்பர் கேஸைப் பிரிக்கணும் சார், ஒரு இலட்சம் எடுத்து வையுங்க" என்றனர். ஆசிரியர் ஒரு வாரத் தவணை கேட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இங்கே பஜேரோவின் நான்கு சக்கர ஓட்ட அமைப்பைச் சிறிது விளக்க வேண்டும். அதில் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலையில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். இரண்டாம் நிலையில் நான்கும் இழுக்கும். இதனைத் தார்ச்சாலையிலும் பயன்படுத்தலாம். மூன்றாம், நான்காம் நிலைகளில் நடு டிபரன்ஷியல் பூட்டப்படும். இவ்விரண்டும் சேற்றுக்கும் மணலுக்கும் உரியவை. காய்ந்த தார்ச்சாலையில் அந்நிலைகளில் ஓட்டினால், வளைவுகளில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்க, அதற்கு இடமின்றி உட்பற்கள் முறுகித் தேயும். முதல் நிலையில் ஓடும்போது முன் அச்சின் ஒரு தண்டு இணைப்பிலிருந்து விடுபட்டிருக்கும். நிலை மாற்றும்போது அதனை மீண்டும் இணைப்பது இரும்புக் கம்பியோ மின்மோட்டாரோ அன்று, வெற்றிடத்தின் உறிஞ்சு விசையே. இயந்திரத்தின் வெற்றிடப் பம்பிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய்கள் சிறு மின் அடைப்பான்கள் வழியாக முன் அச்சுவரை செல்கின்றன. இருபது கோடை கண்ட அந்த ரப்பர், இயந்திரத்தின் வெக்கையில் காய்ந்து வெடிக்கிறது. உறிஞ்சு விசை கசிகிறது, தண்டு முழுவதும் இணைவதில்லை, விளக்கு இமைக்கிறது.

ஆசிரியர் வண்டியோடு வந்த கையேட்டை மூக்குக்கண்ணாடியோடு மூன்று நாள் படித்தார். பதினோராம் வகுப்புப் படிக்கும் பேத்தி மின்விளக்கைப் பிடித்துக்கொள்ள, குழாய் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே சென்றார். மருந்துக்கடையில் பெரிய ஊசிக்குழல் ஒன்றை வாங்கி, குழாயின் ஒரு முனையை அடைத்து மறுமுனையில் உறிஞ்சிப் பார்த்தார். நல்ல குழாயில் ஊசிக்குழலின் தண்டு பின்னுக்கு இழுத்துக்கொண்டது. ஒன்றில் மட்டும் காற்று தாராளமாக வந்தது. "தாத்தா, இங்கே பாருங்க, விரிசல்" என்று பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாளாம். உதிரிப்பாகக் கடையில் அதே விட்டமுள்ள ரப்பர் குழாய் ஒரு முழம் வாங்கி மாட்டினார். விளக்குகள் இமைப்பதை நிறுத்திவிட்டன. "சாமி, குழாய்க்கு ஐம்பது ரூபாய்கூட ஆகலை, ஊசிக்குழல்தான் அதிகம்" என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தார்.

பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நாம் துணிந்து கூறமாட்டோம். அரிதாக வரும் வண்டி. கையேடு அவரிடம் இருந்திராது. பிரித்துப் பார்ப்பதே அவர் அறிந்த வழி. விளக்கு இமைப்பதெல்லாம் குழாயால் வருவதும் அன்று. மின் அடைப்பானோ, அச்சிலுள்ள சுவிட்சோ, உள்ளேயுள்ள பற்களோகூடக் காரணமாகலாம். ஆனால் ஐம்பது ரூபாய்ப் பொருளை முதலிற் சோதிப்பதும், இலட்ச ரூபாய்ப் பொருளை இறுதியிற் சோதிப்பதும் வீட்டுக்காரர்க்கே உரிய பொறுமை. நாளுக்குப் பத்து வண்டி பார்க்கும் பட்டறையில் அப்பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இந்த அமைப்பு உறங்கிப்போகாமல் இருக்க, திங்களுக்கொரு முறையேனும் இரண்டாம் நிலையில் சில கிலோமீட்டர் தூரம் ஓட்டி வருவது நல்ல பழக்கம். ஆண்டுக்கணக்கில் தொடாத நெம்புகோல் தேவைப்படும் நாளில் நகர மறுக்கும்.

உயிரோடு விளையாடலாகாது

மேற்கூறியவற்றில் பிழை நேர்ந்தால் பணம் போகும். இனிக் கூறுபவற்றில் நேர்ந்தால் போவது பணமன்று.

இவ்வண்டியின் எடை ஏறத்தாழ 2 டன். ஜாக்கி சரிந்து வண்டியின் அடியில் சிக்கி ஒருவர் மாண்டார் என்னும் நான்கு வரிச் செய்தியை நாளேடுகளில் அவ்வப்போது படிக்கிறோம். பெரும்பாலும் குடும்பத் தலைவர், பெரும்பாலும் ஓய்வுநாள், "ஒரு நிமிட வேலைதானே" என்று நுழைந்தவர். ஜாக்கி தூக்குவதற்கு உரிய கருவியே தவிரத் தாங்குவதற்கு உரியதன்று. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஜாக்கியின் உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையம் கிழிந்தால் வண்டி இறங்கிவிடும். தூக்கியபின், எடைக்கேற்ற இரும்புத் தாங்கிகளை வண்டியின் சட்டத்துக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் வண்டி அமர்ந்த பின்னரே அடியிற் செல்ல வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்குக் கல்லும் தாங்கிகள் ஆகா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். தரை சிமெண்டுத் தரையாகவோ சமமான கல்தரையாகவோ இருத்தல் வேண்டும். மண்தரையில் வேலையே வேண்டாம். கைப்பிரேக்கு பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது என்பதையும் நினைவிற் கொள்க. பின்சக்கரங்கள் இரண்டையும் உயர்த்திய கணமே கைப்பிரேக்கு பயனற்றதாகிவிடும்; ஆகவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தே தீரவேண்டும். நீங்கள் வண்டியடியில் இருப்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். தாய்மார்களே, இதில் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம். தாங்கி வைக்காமல் அடியிற் போகிறவரை உரக்க அழைத்து எழுப்பிவிடுங்கள், கோபித்தாலும் பாதகமில்லை.

பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய எண்ணெயின் கொதிநிலை இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழு பேரோடு இறங்கும் 2 டன் வண்டியில், பிரேக்கின் சூடு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். எண்ணெய் உள்ளேயே கொதித்து ஆவியாகிவிட்டால், மிதித்த கட்டை தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வெண்ணெயை முழுவதும் மாற்றுதல் வேண்டும்; மலையிறங்குகையில் ஏறிய கியரிலேயே இறங்கவும் வேண்டும். எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பார்ப்பது, பிரேக்குப் பட்டைகளின் தடிப்பைப் பார்ப்பது, ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று பார்ப்பது ஆகியவை வீட்டு வேலைகள். பிரேக்கைப் பிரித்துக் காற்றெடுக்கும் வேலையை, கற்றவர் அருகில் நின்று சில முறை செய்து பழகாதவர் தனித்துச் செய்யலாகாது. பிரேக்குத் தூசியை வாயால் ஊதவும் வேண்டாம். பழைய பட்டைகளில் கல்நார் இருந்திருக்கக்கூடும்.

முன்புறத்தில் வண்டியைத் தாங்கும் டார்ஷன் பார் என்னும் முறுக்குத் தண்டுகளிலும், பின்புறச் சுருள்வில்களிலும் பெரும் விசை அடங்கியிருக்கிறது. முறையறியாது கழற்றினால் அவை தெறித்து ஆளை முடமாக்கும். இவற்றைத் தொடவே வேண்டாம் என்பது நம் கருத்து.

டயரைப் பற்றி ஒரு செய்தி. அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். குறைவாக ஓடும் பெரிய வண்டிகளில் பட்டன்கள் தேயாமலே ரப்பர் மூப்படைந்துவிடும். பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் பத்தாண்டு டயர், சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிக்கும். பின்கதவில் தொங்கும் மாற்றுச் சக்கரத்தின் எண்ணையும் பாருங்கள். வண்டியோடு பிறந்ததாகவே இருக்கக்கூடும்.

பாகங்களும் பதிவும்

4எம்40 இயந்திரம் பஜேரோவோடு நிற்கவில்லை. டெலிகா வேன்களிலும் கேன்டர் சிறு லாரிகளிலும் பொருத்தப்பட்டது. ஆகவே அதன் பாகங்கள் உலகின் பல நாடுகளில் இன்றும் கிடைக்கின்றன. வளைகுடா நாடுகளில் பஜேரோ மிகுதி. அங்கிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனரின் பெட்டியில் பேரீச்சம்பழத்தோடு ரப்பர் புஷ்களும் கேஸ்கெட்டும் வந்திறங்கும் வீடுகள் உண்டு. பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பாக எண்ணைச் சொல்லிக் கேட்பதே சிறந்தது. வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொண்டு அவ்வெண்ணை அறியலாம். பில்ட்டர்களில் போலிகள் மலிந்துள்ளன. விலை பாதியாக இருந்தால், உள்ளே தாளும் பாதியாகவே இருக்கும்.

செய்த வேலை ஒவ்வொன்றையும் நாளும் கிலோமீட்டரும் குறித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது இன்றியமையாதது. முன்கூறிய ஆசிரியர் வீட்டில் இப்பொறுப்பு பேத்தியுடையது. நம் நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசும். "போன வருடந்தானே மாற்றினோம்" என்பது நோட்டில் பார்த்தால் நான்கு வருடமாகியிருக்கும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. வெளிமாநில வண்டியை வாங்குவோர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். தலைநகர் டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடுவதற்கு விதிக்கப்பட்ட தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பின்னர், பல பெரிய வண்டிகள் மலிவாகப் பிற மாநிலங்களுக்கு விலைபோயின. ஆட்சேபணையின்மைச் சான்று முறையாக உள்ளதா, சேசிஸ் எண் சான்றோடு ஒத்துள்ளதா என்று பாராமல் முன்பணம் கொடுக்கலாகாது.

இறுதியாக, வண்டியின் அடிச்சட்டம். தூத்துக்குடி, நாகப்பட்டினம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. மாதம் ஒருமுறை அடிப்பகுதியை நன்னீரால் பீய்ச்சிக் கழுவிக் காயவிட்டு, துருத் தடுப்புப் பூச்சை ஆண்டுதோறும் பூசி வந்தால் சட்டம் நிலைக்கும். சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பார்ப்பது எளிய சோதனை. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடம் பொத்தென்று ஒலிக்கும். சுத்தியல் உள்ளே புகுந்துவிட்டால், அதன்மேல் தகடு வைத்து ஒட்டிப் பெயிண்டு அடித்து இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது அறமாகாது. 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி அரசின் அனுமதி பெற்ற வண்டி உடைப்பு நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே ஒப்படைத்து, உடைத்ததற்கான சான்றைப் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு நீக்கப்பட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டால், வண்டி போன பின்னும் அதன் பதிவு உங்கள் பெயரிலேயே நிற்கும்.